உடம்பில வேலை செய்யிற விசையை நீங்களே கீறி கணக்குப் போட்டுப் பாக்கிறது எப்பிடி

நியூற்றன்ட மூண்டு விதியும் ஓ/எல் படிச்ச எல்லாருக்கும் வாயில நிக்கும், மேசையில வச்ச மரக்குற்றி, கப்பி, ட்ரொலி எண்டு கணக்கும் செய்திருப்பம், ஆனா அதே ஆளிட்ட நீங்க கதிரையில இருந்து எழும்பேக்க உங்களை மேல தள்ளுறது எது எண்டு கேட்டா அநேகமா தசை எண்டுதான் பதில் வரும். தசை இல்லாம எழும்ப ஏலாதுதான், ஆனா உங்களை மேல தள்ளுறது நிலம். தசை உடம்புக்குள்ள இருக்கிறது, உள்ளுக்க இருக்கிற விசையால மட்டும் உடம்பு முழுசா ஒரு பக்கம் நகர ஏலாது, வெளியில இருந்து ஏதாவது ஒண்டு தள்ளவோ இழுக்கவோ வேணும். தசை செய்யிறது என்னெண்டா நிலத்தை அமத்துறது, நிலம் திருப்பி உங்களை அமத்துது. இந்த ஒரு விசயம் பிடிபட்டா பயோமெக்கானிக்ஸில, அதாவது உடம்பின்ட அசைவையும் விசையையும் படிக்கிற பாடத்தில, மிச்சம் எல்லாம் வழிக்கு வரும், பிடிபடாட்டி எவ்வளவு சூத்திரம் பாடமாக்கினாலும் குழப்பம்தான்.

ஏ/எல் பிசிக்ஸ் செய்யிற பிள்ளையள், ஸ்கூல்ல நெட்போல் கிரிக்கட் அத்லெட்டிக்ஸ் பழக்கிற ஆக்கள், வீட்டில முழங்கால் நோவோட அம்மம்மா அப்பம்மா இருக்கிற ஆக்கள் எல்லாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன். சாமான் பெருசா ஒண்டும் தேவையில்ல, கொப்பி பேனை, ஸ்லோ மோஷன் எடுக்கக்கூடிய போன், முள்ளு ஓடுற பழைய மாதிரி நிறை பாக்கிற ஸ்கேல் ஒண்டு. டிஜிட்டல் ஸ்கேல் சரிவராது, அது நீங்க ஆடாம நிண்ட பிறகுதான் ஒரு நம்பரைப் பிடிச்சுக் காட்டும், எங்களுக்குத் தேவை ஆடேக்க என்ன நடக்குது எண்டதுதான். நாரி நோ, முழங்கால் நோ இருக்கிற ஆக்கள் குதிக்கிற தூக்கிற பகுதியை செய்து பாக்க வேணாம், வாசிச்சு கணக்கைப் போட்டாலே காணும்.

முதல்ல கீறுங்க

கணக்கு செய்ய முதல் படம். ஒரு ஆளைக் கீறுங்க, கோட்டு மனுசன் காணும், வடிவா இருக்கத் தேவையில்ல. அந்த ஆளைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. வட்டத்துக்கு உள்ள இருக்கிறது எல்லாம் உடம்பு, வெளியில இருக்கிறது எல்லாம் உலகம். இப்ப உலகம் இந்த உடம்புக்கு என்ன செய்யுது எண்டதை மட்டும் அம்புக்குறியா போடுங்க. உடம்பு உலகத்துக்குச் செய்யிறதை போட வேணாம், அது வேற படம். பிள்ளையள் விடுற பிழையில முக்கால்வாசி இந்த இடத்திலதான் வருது, இரண்டையும் ஒரே படத்தில போட்டிட்டு பிறகு எல்லாம் வெட்டுப்பட்டு பூச்சியமா வருதே எண்டு தலையைப் பிச்சுக்கொண்டு இருப்பினம்.

என்னென்ன விசை இருக்கலாம் எண்டு பாக்க சுலபமான வழி ஒண்டு இருக்கு. உடம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிற சாமான் எல்லாத்தையும் தேடுங்க, நிலம், கதிரை, பஸ் கம்பி, கையில இருக்கிற பை, ஒவ்வொண்டும் ஒரு விசை தரலாம். தொடாம வாறது எங்கட வேலைக்கு ஒண்டே ஒண்டு, பூமி இழுக்கிறது. ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலயும் எது எதைத் தள்ளுது எண்டு எழுதுங்க, "நிலம் ஆளை", "பூமி ஆளை", "பை ஆளை" எண்டு. அப்பிடி எழுத ஏலாத அம்பு ஒண்டு படத்தில இருந்தா அது இல்லாத விசை, வெட்டி எறியுங்க. பஸ் பிரேக் அடிக்கேக்க "முன்னால தள்ளுற விசை" எண்டு ஒண்டு எல்லாரும் போடுவினம், எது தள்ளுது எண்டு கேட்டா பதில் இருக்காது.

பூமி இழுக்கிற அம்பை புவியீர்ப்பு மையத்தில, அதாவது முழு நிறையும் சேந்து இருக்கிற மாதிரி எடுக்கிற புள்ளியில, இருந்து கீழ கீற வேணும். நேர நிக்கிற ஆளுக்கு அது தொப்புளுக்குக் கொஞ்சம் கீழ, உயரத்தில 55, 56 வீதம் அளவில வரும், ஆம்பிளையளுக்கு பொம்பிளையளை விட கொஞ்சம் மேல. 1.65 மீற்றர் உயரமான ஆளுக்கு கிட்டத்தட்ட 0.9 மீற்றர் எண்டு வச்சுக்கொள்ளுங்க. இது உடம்பில ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்தில இருக்கிற புள்ளி இல்ல, கையை மேல தூக்கினா மேல போகும், குனிஞ்சா முன்னால போய் உடம்புக்கு வெளியிலயே வந்து நிக்கும். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில டிக் ஃபொஸ்பரி முதுகால வளைஞ்சு உயரம் பாய்ஞ்சு தங்கம் எடுத்தவர், அந்த முறையில பாயேக்க ஆள் கம்பிக்கு மேலால போக அவரிட புவியீர்ப்பு மையம் கம்பிக்குக் கீழாலயே போகலாம். எனக்கு இதை நினைக்க நினைக்க இப்பவும் ஆச்சரியமா இருக்கும்.

இன்னொண்டு, திணிவையும் நிறையையும் பிரிச்சு வையுங்க. 60 கிலோ எண்டது திணிவு, அது எங்க போனாலும் 60தான். பூமி அதை இழுக்கிற இழுவைதான் நிறை, அது நியூற்றன்ல, எங்கட ஸ்கூல் கணக்கில g ஐ, அதாவது விழுற சாமானின்ட வேகம் ஒவ்வொரு செக்கனும் கூடுற அளவை, 10 எண்டு எடுக்கிறபடியா 600 நியூற்றன். இந்த 60 கிலோ ஆளைத்தான் கடைசி மட்டும் வச்சிருக்கப் போறன்.

ஸ்கேலில ஏறுங்க

முள்ளு ஸ்கேலில ஏறி ஆடாம நில்லுங்க, 60 காட்டும். இது பூமி உங்களை இழுக்கிறதைக் காட்டேல்ல, நீங்க ஸ்கேலை அமத்துற அளவைத்தான் காட்டுது. நம்பாட்டி அப்பிடியே நிண்டுகொண்டு டக்கெண்டு குந்துங்க. முதல்ல முள்ளு 60க்கு கீழ விழும், குந்தி முடியிற இடத்தில 60ஐத் தாண்டி மேல பாயும், பிறகு திருப்பி 60க்கு வந்து நிக்கும். உங்கட நிறை அதுக்குள்ள மாறேல்லத்தானே. கீழ போகத் தொடங்கேக்க உங்களுக்கு கீழ்ப்பக்கமா ஆர்முடுகல், அதாவது வேகம் மாறுற வீதம், இருக்கு, அப்ப பூமியின்ட இழுவை பெருசாவும் ஸ்கேலின்ட தள்ளுகை சின்னதாவும் இருக்க வேணும். அடியில வந்து நிக்கேக்க வேகம் குறைய வேணும், அதுக்கு மேல்ப்பக்கமா விசை மிஞ்ச வேணும், அதால ஸ்கேல் கூடத் தள்ளுது. விசை சமன் திணிவு தர ஆர்முடுகல் எண்ட இரண்டாம் விதி உங்கட காலுக்குக் கீழயே முள்ளா ஓடுது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் ஃபிளாட்டில இருக்கிற ஆக்களுக்கு இன்னும் நல்ல சான்ஸ், ஸ்கேலை லிஃப்டுக்குள்ள கொண்டுபோங்க. மேல போகத் தொடங்கேக்க செக்கனுக்கு செக்கன் 1 மீற்றர் ஆர்முடுகல் இருந்தா 60 காட்டின ஸ்கேல் 66 காட்டும். நடுவில ஒரே வேகத்தில போகேக்க பாருங்க, எவ்வளவு வேகமா போனாலும் 60தான் காட்டும். இதுதான் முதலாம் விதி, ஒரே வேகத்தில ஓடுறதுக்கு மிச்ச விசை தேவையில்ல, வேகம் மாறத்தான் தேவை. மேல் மாடியில நிக்கப் போகேக்க 60க்குக் குறையும். பக்கத்து வீட்டு ஆக்கள் ஏறாத நேரமாப் பாத்துச் செய்யுங்க.

பஸ்ஸில நிக்கிறது

முதலாம் விதியை படிப்பிக்க கொழும்பு பஸ்ஸை விட நல்ல இடம் இல்ல. காலி வீதியால 100 பஸ்ஸில நிண்டுகொண்டு வாறீங்க, ட்ரைவர் பிரேக் அடிக்கிறார். உங்களை யாரும் முன்னால தள்ளேல்ல. பஸ் தளம் உராய்வால உங்கட பாதத்தைப் பின்னால இழுத்து நிப்பாட்டுது, மேல் உடம்பை ஒருத்தரும் நிப்பாட்டேல்ல, அது இருந்த வேகத்தில தன்ட பாட்டில போகுது. அதான் சடத்துவம். கால் நிக்குது, தலை போகுது, ஆள் விழுறார்.

இப்ப விழாம நிக்கிறதைக் கணக்காப் பாப்பம். 36 கிலோமீற்றர் வேகத்தில வந்த பஸ், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர், கிட்டத்தட்ட மூண்டரை செக்கனுக்குள்ள நிண்டா அமர்முடுகல், அதாவது வேகம் குறையிற வீதம், 3 அளவில வரும். விழாம இருக்க வேணுமெண்டா நிலம் தாற தள்ளுகை உங்கட புவியீர்ப்பு மையத்தைச் சுத்தி உங்களைக் கவிழ்க்காம இருக்க வேணும், அதைப் போட்டுப் பாத்தா முன் கால் புவியீர்ப்பு மையத்துக்கு எவ்வளவு முன்னால இருக்க வேணும் எண்டு வரும்: மையத்தின்ட உயரம் 0.9 மீற்றரை அமர்முடுகல் 3ஆல பெருக்கி g, 10ஆல பிரிச்சா 0.27. அதாவது 27 சென்ரிமீற்றர். இரண்டு காலையும் சேத்துக்கொண்டு முன்னுக்குப் பாத்து நிண்டா பாதத்தின்ட நுனி மட்டும் பாத்தாலும் 10, 12 சென்ரிமீற்றர்தான் கிடைக்கும், அதான் போன் பாத்துக்கொண்டு நிக்கிற ஆள் முன் சீட்டுக்காரர்ட மடியில போய் இருக்கிறார். பஸ் போற பக்கமா ஒரு காலை முன்னுக்கும் மற்றதை பின்னுக்கும் நல்லா அகட்டி வச்சு, முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு நில்லுங்க. மடிச்சா அந்த 0.9 குறையும், 0.8 ஆனாலே 24 சென்ரிமீற்றர் காணும்.

கம்பி பிடிக்கிறதெண்டா உசரத்தில பிடியுங்க. கால் சேத்து வச்ச 60 கிலோ ஆளுக்கு, பாதம் 10 சென்ரிமீற்றர் உதவி தருது எண்டு வச்சா, 1.8 மீற்றர் உயரத்தில இருக்கிற மேல் கம்பியை 57 நியூற்றன் அளவில பிடிச்சாக் காணும், சீட்டின்ட முதுகுப்பக்கம் 0.9 மீற்றர்ல பிடிச்சா அதே வேலைக்கு 113 நியூற்றன், இரு மடங்கு. காலில இருந்து பிடிக்கிற இடம் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு கைக்குச் சுகம். எட்டாத உயரம் குறைஞ்ச ஆக்கள் காலை அகட்டுறதில கவனமா இருக்க வேண்டியதுதான். வளைவு எடுக்கேக்க இதே கதை பக்கவாட்டில நடக்கும், அதால ஒரே நேர்கோட்டில இரண்டு காலையும் வைக்காம கொஞ்சம் சரிவா வச்சா இரண்டுக்கும் சரி.

நிலம் திருப்பித் தள்ளுறது

மூண்டாம் விதியில, தாக்கமும் மறுதாக்கமும் சமன், எதிர்த்திசை, எண்டு சொல்லிப்போட்டு எல்லாரும் நிப்பாட்டினம். இரண்டும் வேற வேற பொருளில எண்ட பகுதிதான் உயிர். நீங்க நிலத்தைத் தள்ளுறது நிலத்தின்ட படத்தில, நிலம் உங்களைத் தள்ளுறது உங்கட படத்தில, அதால ஒண்டை ஒண்டு வெட்டாது. மற்றது, சும்மா நிக்கேக்க உங்கட நிறையும் நிலத்தின்ட மேல் தள்ளுகையும் சமனா இருக்குத்தான், ஆனா அது மூண்டாம் விதிச் சோடி இல்ல, இரண்டும் ஒரே ஆளில வேலை செய்யுது. நிறையின்ட சோடி நீங்க பூமியை மேல இழுக்கிற 600 நியூற்றன். "பூமி ஆளை" எண்டதைத் திருப்பிப் போட்டா "ஆள் பூமியை", அவ்வளவுதான், எழுதின பேரைத் திருப்பினா சோடி வந்திடும். பரீட்சையில இந்தக் கேள்வி வந்தா இப்பிடித் திருப்பிப் பாருங்க, பிழைக்காது.

நடக்கேக்க நீங்க நிலத்தைப் பின்னால தள்ளுறீங்க, நிலம் உராய்வால உங்களை முன்னால தள்ளுது. உராய்வு இல்லாட்டி கால் ஓடும் ஆள் ஓடார். மழை பெய்ஞ்ச நேரம் புறக்கோட்டையில கடை வாசல் டைல்ஸில தேய்ஞ்ச பாட்டாவோட நடந்து பாத்த ஆக்களுக்கு விளங்கும். காலடி வைக்கேக்க விசை கிட்டத்தட்ட கால் சாய்ஞ்ச பக்கமாப் போகுது எண்டு வச்சா, இடுப்பு 85 சென்ரிமீற்றர் உயரத்தில இருக்க கால் 35 சென்ரிமீற்றர் முன்னால விழுந்தா கிடையா விசை நிலைக்குத்து விசையின்ட 0.4 மடங்கு, அவ்வளவு உராய்வுக் குணகம், அதாவது அமத்துற விசையில எத்தனை மடங்கு மட்டும் வழுக்காமப் பிடிக்கும் எண்ட அளவு, நிலத்திட்ட இருக்க வேணும். கால் 15 சென்ரிமீற்றர் முன்னால மட்டும் விழுந்தா 0.18 காணும். ஈரத்தில சின்னச் சின்ன அடியா வைக்கச் சொல்லி வீட்டில பெரியாக்கள் சொல்லுறதுக்கு இதுதான் கணக்கு.

ஓட்டத்துக்கு வருவம். யுபுன் அபேகோன் 2022 ஜூலை 3 சுவிட்சர்லாந்தில 100 மீற்றரை 9.96 செக்கன்ல ஓடினார், தெற்காசியாவில 10 செக்கனுக்குள்ள ஓடின முதல் ஆள் எங்கட நாட்டு ஆள், சராசரி செக்கனுக்கு 10 மீற்றருக்கும் கொஞ்சம் மேல. தொடங்கேக்க அப்பிடி முன்னால சாய்ஞ்சு வெளிக்கிடுறது ஸ்டைலுக்கு இல்ல, நிலம் தாற விசை முன்னால சாய்ஞ்சு வர வேணும், அப்பத்தான் அதில ஒரு பங்கு முன்னுக்குத் தள்ளும். உச்ச வேகத்தில கதை மாறும். அந்த வேகத்தில கால் நிலத்தில இருக்கிறது 0.1 செக்கன் அளவு, அந்தரத்தில 0.12 அளவு எண்டு எடுங்க. ஒரு அடிக்கு மொத்தம் 0.22 செக்கன், அவ்வளவு நேரமும் பூமி இழுத்துக்கொண்டே இருக்கு, ஆனா நிலம் தள்ளுறதுக்கு 0.1 செக்கன்தான் இருக்கு, அப்ப அந்த நேரத்துக்குள்ள சராசரியா உடம்பு நிறையின்ட 2.2 மடங்கு தள்ள வேணும். வேகமா ஓட வேணுமெண்டா கால் வேகமா அசைஞ்சாக் காணும் எண்டு நினைச்சு கால் அசைவை மட்டும் பழக்கிற ஆக்கள் இந்தக் கணக்கை ஒருக்கா போட்டுப் பாக்க வேணும், சின்ன நேரத்தில பெரிய விசை குடுக்கிற பலம்தான் அடிப்படை. அதே ஆள் வெள்ளவத்தைக் கடற்கரை மணல்ல ஓடினா, மணல் நகர்ந்து குடுக்கும், தள்ளின வேலையில ஒரு பகுதி மணலை நகர்த்தப் போயிடும், களைக்கிறது அதாலதான்.

உள்ளுக்குள்ள என்ன நடக்குது

இவ்வளவு நேரமும் உடம்பு முழுசையும் வட்டத்துக்குள்ள போட்டம். இப்ப வட்டத்தைச் சின்னதாக்குங்க, முன்னங்கையை மட்டும் சுத்திப் போடுங்க. இப்ப தசை வெளியில வந்திட்டு, அதையும் அம்பாப் போடலாம். வட்டத்தை எங்க போடுறது எண்டு நீங்கதான் தீர்மானிக்கிறீங்க, கேள்வியைப் பொறுத்து போடுங்க.

முழங்கையை 90 பாகையில மடிச்சு 5 கிலோ மரக்கறிப் பையை உள்ளங்கையில பிடிக்கிறீங்க. பொறுதி, அதாவது கை சுத்திற புள்ளி, முழங்கை மூட்டு. சுமை 50 நியூற்றன், மூட்டில இருந்து 35 சென்ரிமீற்றர். முன்னங்கையின்ட சொந்த நிறை ஒரு 15 நியூற்றன், 15 சென்ரிமீற்றர்ல. எத்தனம், அதாவது தூக்கிற விசை, தாற மேல்கைத் தசை பொருந்திற இடம் மூட்டில இருந்து 5 சென்ரிமீற்றர்தான். விசையை மூட்டில இருந்து இருக்கிற தூரத்தால பெருக்கினா திருப்பம் வரும், இரண்டு பக்கத் திருப்பமும் சமனா இருக்க வேணும்: 50ஐ 35ஆல, 15ஐ 15ஆல பெருக்கிக் கூட்டினா 1975, அதை 5ஆல பிரிச்சா 395 நியூற்றன். 5 கிலோ பைக்கு தசை கிட்டத்தட்ட 40 கிலோ தூக்கிற அளவு இழுக்குது. இந்த விசயத்தை இத்தாலிக்காரர் ஜொவானி பொரெல்லி, 1608 இல பிறந்து 1679 இல செத்தவர், நியூற்றன்ட விதிகள் 1687 இல அச்சில வர முதலே கணக்குப் போட்டுக் காட்டினவர், அவர் செத்த பிறகுதான் 1680, 81 இல அந்த வேலை அச்சில வந்தது. உடம்பு சின்னத் தசையால பெரிய பாரம் தூக்குது எண்டுதான் அதுக்கு முதல் நினைச்சிருந்தவை, அவர் அதைத் தலைகீழாக்கிப் போட்டார், தசை சுமையை விட எத்தனையோ மடங்கு கூட இழுக்குது. இதுக்குப் பதிலா எங்களுக்குக் கிடைக்கிறது வேகமும் தூரமும், தசை ஒரு சென்ரிமீற்றர் சுருங்க கை ஏழு சென்ரிமீற்றர் போகும், பந்து எறியிறது எல்லாம் அதாலதான் நடக்குது.

இதே கணக்கை நாரிக்குப் போட்டாத்தான் பயம் வரும். 20 கிலோ அரிசி மூட்டையைக் குனிஞ்சு கையை நீட்டித் தூக்கிறீங்க. மூட்டை, நாரி முள்ளந்தண்டு மூட்டில இருந்து 50 சென்ரிமீற்றர் முன்னால. இடுப்புக்கு மேல உங்கட உடம்பு 350 நியூற்றன், குனிஞ்சதால 25 சென்ரிமீற்றர் முன்னால. முதுகுத் தசை மூட்டுக்குப் பின்னால 5 சென்ரிமீற்றர்ல நிண்டு இழுக்குது. மூட்டைக்கு மட்டும் 200 தர 50 பிரி 5, அதாவது 2000 நியூற்றன். உங்கட சொந்த உடம்புக்கு 350 தர 25 பிரி 5, 1750. மொத்தம் 3750. அவ்வளவு இழுவையும் முள்ளந்தண்டுத் தட்டை அமத்துற அமுக்கமா போய்ச் சேரும், நிறையின்ட பங்கு இன்னும் மேல சேரும். அமெரிக்காவில தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு செய்யிற நியோஷ் நிறுவனம் நாரித் தட்டு அமுக்கத்துக்கு வச்ச எல்லை 3400 நியூற்றன். 20 கிலோ மூட்டை ஒண்டுக்கே எல்லையைத் தாண்டியாச்சு.

இப்ப மூட்டையை நெஞ்சோட அணைச்சு 25 சென்ரிமீற்றருக்குக் கொண்டு வாங்க, உடம்பையும் நிமித்தி 10 சென்ரிமீற்றராக்குங்க. 1000மும் 700மும், மொத்தம் 1700. மூட்டை அதேதான், தூரம்தான் மாறினது, பாரம் பாதிக்கும் குறைய. "முதுகை வளைக்காம முழங்காலை மடிச்சுத் தூக்குங்க" எண்டு எல்லா இடத்திலயும் சொல்லுவினம், அது அநேகமா சரி, ஆனா பெட்டி பெருசா இருந்து முழங்காலுக்கு இடையில வராட்டி, முழங்காலை மடிக்க பெட்டி இன்னும் முன்னால தள்ளிப் போயிடும், அப்ப நன்மை இல்ல. முழங்காலைப் பாக்கிறதை விட சாமானுக்கும் நாரிக்கும் இடையில இருக்கிற தூரத்தைப் பாருங்க. புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில நாட்டாமிமார் மூட்டையை முதுகு மேலயும் தோள்லயும் ஏத்தி உடம்பைச் சாய்ச்சு சுமையைக் காலுக்கு நேர மேல கொண்டு வருவினம், நெம்புத் தூரம், அதாவது மூட்டில இருந்து சுமைக்கு இருக்கிற தூரம், கிட்டத்தட்ட இல்லாமப் போகுது, அவையிட உடம்பு அனுபவத்தால கண்டுபிடிச்ச விடை அது. அதுக்காக அவ்வளவு பாரம் தூக்கிறது நல்லம் எண்டு சொல்லேல்ல, அமுக்கம் அமுக்கம்தான், நாள் முழுக்க தூக்கினா தட்டு தேயும். நியோஷ் கணக்கில எல்லாம் சரியா இருக்கிற நிலையிலயே ஒரு ஆளுக்கு 23 கிலோதான் எல்லை. வீட்டு 12.5 கிலோ காஸ் சிலிண்டர்ல 12.5 எண்டது உள்ளுக்க இருக்கிற காஸ் மட்டும், இரும்பின்ட நிறை தனி, மாடிப்படி ஏத்திறதெண்டா இரண்டு பேர் பிடியுங்க.

விழுற நேரத்தை நீட்டுங்க

ஸ்கூல் நெட்போல் பழக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்க. அரை மீற்றர் உயரத்தில இருந்து 60 கிலோ பிள்ளை குதிக்குது. நிலத்தைத் தொடேக்க வேகம் செக்கனுக்கு 3.16 மீற்றர், உந்தம், அதாவது திணிவு தர வேகம், 190. இந்த 190ஐ பூச்சியமாக்கியே ஆக வேணும், அதில பேரம் பேச ஏலாது. ஆனா எவ்வளவு நேரத்தில எண்டது பிள்ளையின்ட கையில இருக்கு. காலை விறைப்பா வச்சு 0.05 செக்கன்ல நிண்டா 190 பிரி 0.05, 3800, அதோட நிறை 600, நிலம் சராசரியா 4400 நியூற்றன் தள்ளுது, உடம்பு நிறையின்ட 7 மடங்குக்கு மேல. முழங்கால் இடுப்பு கணுக்கால் மூண்டையும் மடிச்சு 0.25 செக்கனா நீட்டினா 760 உம் 600 உம் 1360, இரண்டரை மடங்குக்கும் குறைய. கணத்தாக்கு, அதாவது விசை தர நேரம், எண்டு ஏ/எல்லில படிக்கிறது இதுதான்.

நெட்போல்ல பந்தைப் பிடிச்சிட்டு இறங்கின காலைத் தூக்கித் திருப்பி வைக்க ஏலாது, அந்தச் சட்டத்தால பிள்ளையள் டக்கெண்டு நிண்டு பழகினம், முழங்கால் உள்ளுக்க மடியும், தசைநார் அறுகிறது இப்பிடித்தான். போனை ஸ்லோ மோஷன்ல 240 ஃபிரேம்ல வச்சு பிள்ளை இறங்கிறதை முன்னால இருந்து எடுங்க. கால் நிலத்தைத் தொட்ட ஃபிரேம்ல இருந்து உடம்பு கீழ போறது நிண்ட ஃபிரேம் மட்டும் எண்ணுங்க. 12 ஃபிரேம் எண்டா 0.05 செக்கன், 60 எண்டா 0.25. முழங்கால் பாதத்துக்கு நேர மேல வருதா, உள்ளுக்க சாயுதா எண்டும் அதே வீடியோவில தெரியும். வேகப்பந்து வீசுற பெடியளுக்கும் முன் கால் விழுற இடத்தில உடம்பு நிறையின்ட 5 மடங்குக்கு மேல போற விசை வருது, ஓவர் ஓவரா வருது, அதால வளர்ற வயசுப் பிள்ளையளை நாள் முழுக்க வீச விடாதீங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். கைக்கும் இதே விதிதான். செக்கனுக்கு 20 மீற்றர்ல வாற 160 கிராம் கிரிக்கட் பந்தை விறைச்ச கையால 0.01 செக்கன்ல நிப்பாட்டினா 320 நியூற்றன், கையைப் பின்னால இழுத்து 0.1 செக்கன்ல பிடிச்சா 32.

வீட்டில பெரியாக்களுக்கு

கதிரையில இருந்து எழும்ப கஷ்டப்படுற ஆளுக்கு கையைப் பிடிச்சு இழுக்க முதல் படத்தைக் கீறிப் பாருங்க. இருக்கேக்க புவியீர்ப்பு மையம் கதிரைக்கு மேல, பாதம் முன்னால எங்கயோ. நிலம் உடம்பை மேல தள்ள வேணுமெண்டா மையம் பாதத்துக்கு மேல வர வேணும். கதிரையின்ட விளிம்புக்கு வரச் சொல்லுங்க, பாதத்தை முழங்காலுக்குப் பின்னால இழுக்கச் சொல்லுங்க, மூக்கு முழங்காலைத் தாண்டிற மட்டும் முன்னால சாயச் சொல்லுங்க, பிறகு எழும்பச் சொல்லுங்க. கன ஆக்கள் விழுந்திடுவம் எண்ட பயத்தில நிமிந்துகொண்டே எழும்பப் பாப்பினம், அதால முழங்காலுக்குப் பாரம் கூடும், எழும்பவும் ஏலாது. உயரம் கூடின கதிரை குடுத்தா இன்னும் சுகம்.

ஊண்டுதடி விசயம் கனபேருக்குத் தெரியாது. இடது இடுப்பு நோ எண்டா தடி வலது கையில இருக்க வேணும். ஒரு காலில நிக்கேக்க மற்றக் காலும் மேல் உடம்புமா 500 நியூற்றன், நிக்கிற இடுப்பு மூட்டில இருந்து 10 சென்ரிமீற்றர் உள்பக்கமா கீழ இழுக்குது, அதைத் தாங்க இடுப்பின்ட வெளிப்பக்கத் தசை 5 சென்ரிமீற்றர்ல நிண்டு 1000 நியூற்றன் இழுக்குது, மூட்டுக்கு இரண்டும் சேந்து 1500, உடம்பு நிறையின்ட இரண்டரை மடங்கு. எதிர்ப்பக்கக் கையில தடியை 60 நியூற்றன் மட்டும் ஊண்டினா, மூட்டில இருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளி நிக்கிறபடியா 2400 திருப்பம் அதால போகுது, தசைக்கு மிச்சம் 2600 பிரி 5, 520 தான். மூட்டுக்கு 520 உம் 440 உம், 960. 6 கிலோ ஊண்டினதுக்கு மூட்டில இருந்து 50 கிலோவுக்கு மேல இறங்கிது. நோகிற பக்கக் கையிலயே பிடிச்சா தடி மூட்டுக்குக் கிட்ட வந்திடும், இந்த நெம்புத் தூரம் கிடைக்காது. தடியின்ட உயரம் கையைத் தொங்கப்போட்டு நிக்கேக்க மணிக்கட்டு மடிப்புக்கு வர வேணும், அப்ப பிடிக்கேக்க முழங்கை 20 பாகை அளவு மடியும். தடியும் நோகிற காலும் ஒண்டாப் போக வேணும், அடி றப்பர் தேய்ஞ்சா மாத்துங்க, நோவுக்கு என்ன காரணம் எண்டதை டொக்டரிட்டயோ பிசியோதெரபிஸ்டிட்டயோ காட்டுங்க.